மாணவர் நாடக வகுப்பில் படைப்பாக்கப் பயிற்சியும் குழுக் கூட்டுழைப்பும்: தமிழ் அரங்க மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாணவர் நாடக வகுப்பில் இடம்பெறும் படைப்பாக்கப் பயிற்சிகள் ஒத்திகைக்கு முந்தைய உடற்பயிற்சியாகவோ வகுப்பைக் கலகலப்பாக்கும் விளையாட்டாகவோ கருதப்படுவது வழக்கம். இக்கருத்து, பயிற்சிக்கும் நாடக ஆக்கத்திற்கும் இடையேயுள்ள தொடர்பை மறைத்துவிடுகிறது. குழுக் கூட்டுழைப்பு நடிப்போரின் நல்லெண்ணத்தால் மட்டும் விளைவதன்று. அனைவரும் ஏற்றுக்கொண்ட விதிகளால் விளைவது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். பாய்ஸ் கம்பெனி, கூத்து, ஸ்பெஷல் நாடகம் ஆகிய மூன்று தமிழ் அரங்க வடிவங்களில் இவ்விதிகள் அமைந்துள்ள முறையையும், 1970களுக்குப் பின் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பரவிய பயிற்சிப் பட்டறைகளின் பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றின் அடிப்படையில், பயிற்சியிலிருந்து நாடகத்தை உருவாக்கும் வகுப்பறை முறை ஒன்று முன்வைக்கப்படுகிறது. குழுவினுள் எழும் ஏற்றத்தாழ்வும் மதிப்பீட்டுச் சிக்கலும் இறுதியில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாடகக் கல்வி, படைப்பாக்கப் பயிற்சி, கூட்டுழைப்பு, கட்டியங்காரன், பின்பாட்டு, பயிற்சிப் பட்டறை, மதிப்பீடு.

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாடகம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று பாடத்திட்டம், மற்றொன்று ஆண்டு விழா மேடை. பாடத்திட்டத்தில் அது படித்துத் தேர்வெழுதுவதற்குரிய பனுவல். 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' பல தலைமுறை மாணவர்களுக்கு இவ்வகையிலேயே அறிமுகமாகியுள்ளது. மேடையில் அது போட்டிக்குரிய நிகழ்ச்சி. போட்டிக்குச் சில நாள்களுக்கு முன் ஒருவர் வசனம் எழுதித் தருவார். குரல்வளமும் மேடைத் துணிவும் உடைய ஒருவர் தலைமை வேடம் ஏற்பார். எஞ்சியோர் ஊர்மக்களாகவோ காவலர்களாகவோ பின்னணியில் நிற்பர். இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே, மாணவர்கள் கூடி ஒரு நாடகத்தை ஆக்கிப் பார்க்கும் வகுப்பு என்பது அரிதாகவே அமைகிறது.

பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளி மாணவர்களின் கலைத்திறனுக்குப் பரந்த மேடையைத் திறந்துள்ளது. அம்மேடையில் ஏறிய மாணவர்கள் கல்லூரிக்கு வரும்போது அவர்களுக்குக் கிடைக்கும் நாடக வகுப்பு எத்தகையதாக இருக்க வேண்டும் என்னும் வினா இன்று கூடுதல் பொருள் பெறுகிறது. பயிற்சி எதற்காக, கூட்டுழைப்பு எதனால் விளைகிறது, ஆசிரியரின் இடம் எது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

1. தமிழ் அரங்கில் கூட்டுழைப்பின் மூன்று அமைப்புகள்

குழுவாக இயங்குதல் தமிழ் அரங்கிற்குப் புதியதன்று. ஆயினும் ஒவ்வொரு வடிவத்திலும் குழுவை இணைத்துவைக்கும் விதி வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்த பின்னரே வகுப்பறைக்குரிய விதியைத் தேட இயலும்.

*1.1 பனுவல் இணைத்த குழு: பாய்ஸ் கம்பெனி*

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழுக்களுள் முதன்மையானது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குதான் பயிற்சி பெற்றனர். சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, பாடம் பயின்றனர். பாடம் என்பது பாட்டும் வசனமும். அவற்றைப் பிழையின்றி மனப்பாடம் செய்வதே பயிற்சி. எழுதப்பட்ட பனுவலும் அதைக் கற்பிக்கும் வாத்தியாரின் சொல்லுமே குழுவை ஒருங்கிணைத்த விதிகள். இம்முறையிலிருந்து தமிழ் நாடகத்திற்கும் திரைக்கும் பேராற்றல் வாய்ந்த நடிகர்கள் பலர் கிடைத்தனர். ஆனால் ஒரு காட்சி ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்கும் இடம் சிறுவனுக்கு இருக்கவில்லை. இன்றைய ஆண்டு விழா நாடகம் இவ்வமைப்பின் அதிகாரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, அதன் நெடுங்காலப் பயிற்சியைக் கைவிட்ட வடிவமாகும்.

*1.2 பாட்டு இணைத்த குழு: கூத்து*

வடதமிழ்நாட்டுக் கூத்தில் பாடல்கள் நிலையானவை. பாடல்களுக்கு இடையே வரும் வசனத்தை நடிகர் களத்திலேயே விரித்துக்கொள்வர். மேடையில் உள்ள கூத்தர் பாடும் அடியைப் பின்னிருப்போர் வாங்கிப் பாடுவது பின்பாட்டு. களத்தில் இல்லாத நடிகரும் பின்பாட்டில் சேர்ந்துகொள்வதால், வேடம் இல்லாத பொழுதிலும் ஒருவர் ஆட்டத்திலிருந்து விலகிவிடுவதில்லை. அரசனாக ஆடியவர் சற்று நேரத்தில் மற்றொருவரின் குரலுக்குத் துணைக்குரலாகிறார். கட்டியங்காரனோ கதைக்குள்ளும் வெளியிலும் நடமாடுகிறான், பாத்திரத்தை வினவுகிறான், பார்வையாளருக்கு விளக்குகிறான், ஆட்டம் தொய்ந்தால் தூக்கி நிறுத்துகிறான்.

இம்மரபைக் கல்வியாக மாற்றிய அண்மைக்கால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்து குருகுலம். பெ. இராஜகோபாலும் ஹன்னா டி பிரைனும் முன்னின்று நடத்திய இவ்வுறைவிடப் பள்ளி 2002 முதல் 2020 வரை செயற்பட்டது. பொதுக்கல்வியும் கூத்துப் பயிற்சியும் அங்கு இணைத்து வழங்கப்பட்டன. ஆடவரே ஆடிவந்த அவ்வடிவத்தில் பெண்பிள்ளைகளும் பயிற்சி பெற்றனர். நிலையான பாட்டு, நெகிழ்வான வசனம் என்னும் கூத்தின் அமைப்பு மாணவர் வகுப்பிற்குப் பொருந்தும் என்பதற்கு இக்குருகுலம் ஒரு சான்று.

*1.3 வேடம் இணைத்த குழு: ஸ்பெஷல் நாடகம்*

தென்தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் நிகழும் ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு என்பதே இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியே அழைக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்வர். ஒத்திகையும் இயக்குநரும் கிடையாது. ஆயினும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை நிகழ்கிறது. வள்ளியும் நாரதரும் புரியும் தர்க்கத்தில் ஒருவர் எழுப்பும் வாதத்திற்கு மற்றவர் அங்கேயே மறுமொழி கண்டாக வேண்டும். முன்பின் அறியாத இருவர் ஓரிரவு முழுவதும் இணைந்து படைக்க முடிவதற்குக் காரணம், கதைப்போக்கையும் வேடத்தின் எல்லையையும் இருவரும் முன்னரே அறிந்திருப்பதுதான்.

இது நாடகக் கல்விக்கு இன்றியமையாத செய்தி ஒன்றைத் தருகிறது. குழுவினர் நண்பர்களாக இருந்தால் கூட்டுழைப்புத் தானே வந்துவிடும் என்று ஆசிரியர்கள் எண்ணுவதுண்டு. ஸ்பெஷல் நாடகம் அதனை மறுக்கிறது. பொது விதி இருக்குமாயின் நட்பு இல்லாத இடத்திலும் கூட்டுழைப்பு நிகழும்; விதி இல்லையெனில் நெருங்கிய நண்பர் குழுவிலும் ஓங்கிய குரலே வெல்லும்.

2. பட்டறையின் வருகை

பனுவலும் பாட்டும் வேடமும் மாணவர்க்கு முன்னறிவாக இல்லாத சூழலில் குழுவை எதனால் இணைப்பது? இவ்வினாவிற்கு விடையாக வந்ததே பயிற்சிப் பட்டறை. பட்டறையின் விதி 'பணி'. குறிப்பிட்ட நேரத்திற்கு, குறிப்பிட்ட வரம்புக்குள், ஒரு சிறு செயலைக் குழுவாகச் செய்து முடித்தல் அதன் அடிப்படை.

தமிழ்நாட்டில் இதன் தொடக்கமாகக் கருதப்படுவது 1977இல் காந்திகிராமத்தில் நிகழ்ந்த நாடகப் பயிற்சிப் பட்டறை. பேராசிரியர் சே. இராமானுஜமும் கேரள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளையும் இதில் முதன்மைப் பங்காற்றினர். அதே ஆண்டில் ந. முத்துசாமி (1936–2018) முயற்சியில் கூத்துப்பட்டறை சென்னையில் உருவானது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தொடர்பால் கூத்தின் உடல்மொழி நகர நடிகர்களின் பயிற்சிக்குள் நுழைந்தது. 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில் பாதல் சர்க்கார் (1925–2011) நடத்திய பட்டறை அடுத்த திருப்பம். நாட்டுப்புற அரங்கு, நகரப் படச்சட்ட அரங்கு என்னும் இரண்டிற்கும் மாற்றாக அவர் வகுத்த மூன்றாம் அரங்கில் காட்சி அமைப்பும் ஒளியமைப்பும் பின்தள்ளப்பட்டன. நடிகரின் உடலும் குழுவின் ஒத்தியக்கமும் அவற்றின் இடத்தைப் பெற்றன. பொருட்செலவின்றி நாடகம் செய்ய இயலும் என்பதை அப்பட்டறை உணர்த்தியது. அரங்க வசதியற்ற கல்லூரிகளுக்கு இன்றும் பொருந்தும் பாடம் இது.

இக்காலப் பட்டறைகள் பெரும்பாலும் நவீன நாடகக் குழுக்களையும் இயக்கங்களையும் சார்ந்து வளர்ந்தன. கல்விப்புலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை, புதுவைப் பல்கலைக்கழகச் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி ஆகியவற்றில் அவற்றிற்கு இடம் கிடைத்தது. பொதுவான கலைக் கல்லூரியின் தமிழ் வகுப்பிற்குள் அவை வந்து சேர்ந்தது குறைவே.

3. யாழ்ப்பாண முன்மாதிரி

பட்டறைமுறை பொதுக்கல்விக்குள் நுழைந்த இடம் ஈழம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு கூத்துகளை மீளுருவாக்கினார். 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியன அவற்றுள் புகழ்பெற்றவை. மட்டக்களப்பு அண்ணாவியாரின் அறிவும் பல்கலைக்கழக மாணவரின் ஆற்றலும் அங்கு இணைந்தன. அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்கிலங்கையில் நாடகக் கல்வியை வளர்த்த பேராசிரியரானார்.

அடுத்த கட்டம் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) யாழ்ப்பாணத்தில் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி. ஆசிரியராகப் பணியாற்றிய அவர், அரங்க விளையாட்டுகளையும் களப்பயிற்சிகளையும் நாடகக் கல்வியின் அடித்தளமாக்கினார். அவரது 'கூடி விளையாடு பாப்பா' என்னும் சிறுவர் நாடகத்தின் தலைப்பே அக்கல்விக் கொள்கையைச் சுட்டுவதாகக் கொள்ளலாம். 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அளித்த 'மண் சுமந்த மேனியர்', மாணவர் அரங்கு ஒரு சமூகத்தின் துயரைப் பேசும் வலிமை உடையது என்பதை மெய்ப்பித்தது.

இம்முன்மாதிரியில் கவனத்திற்குரியவை இரண்டு. முதலாவது, இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' பள்ளிப் பாடமாக நிலைபெற்றதால் பயிற்சிக்குக் கால அட்டவணையில் இடம் கிடைத்தது. இரண்டாவது, சண்முகலிங்கம் தாமே தேர்ந்த நாடகாசிரியர். களப்பயிற்சியின் மீது கொண்ட பற்று அவரை எழுத்திலிருந்து விலக்கவில்லை. கூட்டாக்கம் எழுத்தாளனை இல்லாமலாக்கிவிடும், வலுவற்ற பனுவலையே தரும் என்னும் விமர்சனத்திற்கு அவரது பணியே மறுமொழியாகிறது. பாதல் சர்க்காருக்கும் இது பொருந்தும்.

4. பயிற்சியின் உள்ளமைப்பு

அரங்க விளையாட்டை முறையான கல்வியாக வகுத்தவர்களுள் அமெரிக்கரான வயோலா ஸ்போலின் (1906–1994) முன்னோடி. சிகாகோவில் குடிபெயர்ந்தோர் வாழ்ந்த பகுதிகளில் நெவா பாய்டு என்பாரிடம் விளையாட்டுவழிக் கல்வியைக் கற்ற ஸ்போலின், தம் முறையை 1963இல் நூலாக்கினார். அவர் கருத்தில் ஒவ்வொரு பயிற்சியும் ஒரு சிக்கல். நடிப்போர் அதைத் தீர்க்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் 'நன்றாக இருந்ததா?' என்ற கேள்வி எழுவதில்லை, 'சிக்கல் தீர்ந்ததா?' என்பதே கேட்கப்படும். பாராட்டும் பழிப்பும் விலக்கப்படுவதால், ஆசிரியரின் முகத்தைப் பார்த்து நடிக்கும் வழக்கம் குறைகிறது. தமிழ் வகுப்பறைக்கு உகந்த ஐந்து பயிற்சிகள் இந்நோக்கில் கீழே விளக்கப்படுகின்றன.

*அ) கண்ணாடிப் பயிற்சி:* இருவர் எதிரெதிரே நின்று, ஒருவரது அசைவை மற்றவர் நிழல்போல் செய்வர். பின்னர் முன்செல்பவர் மாறுவார். இறுதியில் யார் முன்செல்கிறார் என்பதே தெரியாத நிலை எட்டப்படும். பொறுப்பை ஏற்பதையும் விட்டுக்கொடுப்பதையும் இப்பயிற்சி உடலுக்குக் கற்பிக்கிறது. விரைவாக அசைபவர் தம் இணையைத் தோற்கடிக்கிறார்; ஆகவே திறமை மிக்கவர் வேகத்தைக் குறைக்கக் கற்கிறார்.

*ஆ) சிலைக் காட்சி:* பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931–2009) வளர்த்த உருவ அரங்கின் அடிப்படை இது. ஒருவர் சிற்பியாகி, பிறரை நிறுத்தி, பேச்சின்றி ஒரு சூழலை அமைப்பார். குழு அதைப் பார்த்து மாற்றியமைக்கும். சொல்வன்மை இல்லாத மாணவரின் சிந்தனையும் வெளிப்படுவதால் முதல் வாரங்களில் இதுவே பெரும்பயன் தரும்.

*இ) அந்தாதித் தொடர்:* வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு தொடர் கூற, அதன் இறுதிச் சொல்லிலிருந்து அடுத்தவர் கதையைத் தொடர்வார். முந்தையவர் கூறியதை மறுக்கக் கூடாது என்பது விதி. அந்தாதித் தொடையை இலக்கணமாகப் படித்த மாணவர், அது கேட்டலைக் கட்டாயமாக்கும் உத்தி என்பதை இங்கு உணர்வார். தன் முறை வரும்வரை தன் தொடரைத் தயாரித்துக்கொண்டிருப்பவரால் இதில் பங்கேற்க இயலாது.

*ஈ) துண்டு மாற்றம்:* ஒரு துண்டு குழந்தையாகவும் ஓடையாகவும் கடிதமாகவும் மாறும். ஒருவர் அதற்குத் தரும் பொருளை ஏனையோர் நம்பினால் மட்டுமே அது நிலைக்கும். கூத்தின் திரையும் நாற்காலியும் இவ்வாறே இடமும் பொருளும் ஆகின்றன.

*உ) பின்பாட்டுப் பயிற்சி:* ஒருவர் தம் அன்றாட நிகழ்ச்சியொன்றை இரண்டு மூன்று தொடர்களில் கூறுவார். எஞ்சியோர் அதில் ஒரு சொல்லைத் தேர்ந்து, தாளத்துடன் வாங்கிப் பாடுவர். எச்சொல்லைத் தேர்வது என்பதில் குழு ஒரு பொருள்கோளைச் செய்துவிடுகிறது. 'கூட்டமாக' நின்றவர்களைப் படைப்பாளிகளாக்கும் பயிற்சி இது.

கண்ணை மூடிப் பின்புறம் சாய்தல் போன்ற நம்பிக்கைப் பயிற்சிகள் பட்டறைகளில் புகழ்பெற்றவை. ஆனால் தொடுதலைச் சார்ந்தவை என்பதால் அவற்றை இருபாலரும் பயிலும் வகுப்பில் கட்டாயமாக்குதல் முறையன்று. இருவர் தத்தம் விரல்நுனியால் ஒரு கோலைத் தாங்கி, அது விழாமல் நகரும் பயிற்சி அதே பயனைத் தொடுதலின்றித் தரும். கோலாட்டம் அறிந்த மாணவர்க்கு அது அயலாகவும் தோன்றாது.

5. பயிற்சியிலிருந்து நாடகத்திற்கு: ஒரு வகுப்பறைத் திட்டம்

மேற்கண்ட பயிற்சிகள் தனித்தனியே நின்றுவிட்டால் வகுப்பு மகிழ்ச்சியாக இருக்கும், நாடகம் உருவாகாது. பயிற்சி முடிந்தபின் வெளியிலிருந்து எழுதிவந்த பனுவலைக் கையில் கொடுத்தால், பயிற்சியில் கற்ற விட்டுக்கொடுத்தல் அங்கேயே கைவிடப்பட்டு, குழு பழைய அடுக்கிற்குத் திரும்பிவிடும். எனவே ஒரு பயிற்சியின் விளைவு அடுத்த பயிற்சியின் மூலப்பொருளாக வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை போன்ற பகுதியிலிருந்து மாணவர்கள் வரும் ஒரு வகுப்பைக் கருதலாம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையாலும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளாலும் குடியிருப்புகளாக விரிந்த நிலப்பரப்பு அது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்வோரின் பிள்ளைகளும், வேலையின்பொருட்டு வட மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்வர். இருபது பேர் கொண்ட இவ்வகுப்பிற்கு 'ஏரி' என்னும் ஒரு சொல்லையே கருப்பொருளாகத் தரலாம். திட்டம் நான்கு கட்டங்களாக அமையும்.

முதற்கட்டம் திரட்டல். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவரிடம் நீரைப் பற்றிய ஒரு நினைவைக் கேட்டு வருவர். ஏரியில் குளித்த நினைவு ஒருவருக்கும், மழைநீர் வீட்டிற்குள் புகுந்த நினைவு இன்னொருவருக்கும், தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் நின்ற நினைவு வேறொருவருக்கும் கிடைக்கலாம். சொன்னவரின் பேச்சுமொழியிலேயே அது பதிவாக வேண்டும்.

இரண்டாம் கட்டம் உருவாக்கல். ஐவர் கொண்ட நான்கு குழுக்கள் தம் நினைவுகளைச் சிலைக் காட்சிகளாக அமைக்கும். இக்கட்டத்தில் பேச்சு இல்லை. ஒரு குழுவின் சிலையைப் பிற குழு பார்த்து, தான் கண்டதைக் கூறும். அமைத்தவர் நினைத்ததும் பார்த்தவர் கண்டதும் வேறுபடும் இடமே நாடகத்தின் முடிச்சாகும். ஏரியைக் கரையிலிருந்து பார்ப்பவரும் ஏரிக்குள் மனை வாங்கியவரும் ஒரே சிலையை இருவேறாகக் காண்பர்.

மூன்றாம் கட்டம் விரித்தல். இரண்டு சிலைகளுக்கு இடையே என்ன நிகழ்ந்தது என்பதைக் குழு பேசிநடிக்கும். நிகழ்ச்சியின் தொடக்கமும் முடிவும் முன்னரே முடிவானவை. நடுவிலுள்ள வசனம் களத்தில் பிறக்கும். பாட்டு நிலையாகவும் வசனம் நெகிழ்வாகவும் அமையும் கூத்தின் அமைப்பே இங்கு பின்பற்றப்படுகிறது. பின்பாட்டுப் பயிற்சியில் கிடைத்த சொற்கள் காட்சிகளை இணைக்கும் பாடலாகும்.

நான்காம் கட்டம் எழுதுதல். மூன்று அல்லது நான்கு முறை நடித்தபின் நிலைத்துவிட்ட வசனங்களை இருவர் எழுத்தில் வடிப்பர். அவர்கள் தொகுப்பாளர்கள் என்றாலும் வெட்டவும் செறிவாக்கவும் உரிமையுடையோர். வெட்டப்பட்டது எது, ஏன் என்பதை அவர்கள் குழுவிற்கு விளக்க வேண்டும். தமிழ் மாணவர்க்குப் பேச்சுமொழிக்கும் எழுத்துமொழிக்கும் இடையிலான உறவை நேரடியாக ஆராயும் வாய்ப்பு இக்கட்டத்தில் கிடைக்கிறது.

இத்திட்டத்தில் ஆசிரியரின் இடம் யாது? வாத்தியாராக நின்று ஒவ்வோர் அசைவையும் கற்பித்தால் பயிற்சிக்கு இடமில்லை. முற்றிலும் ஒதுங்கிவிட்டால் வலியவர் கைக்குக் குழு சென்றுவிடும். தமிழ் மரபில் இதற்குப் பொருத்தமான முன்மாதிரி கட்டியங்காரன். அவன் ஆட்டத்தை நடத்துகிறான். ஆனால் ஆட்டம் அவனைப் பற்றியதன்று. வினா எழுப்பி, தொய்வை நீக்கி, பேசாதிருப்பவரைப் பேசவைத்து விலகுகிறான். போவாலின் விவாத அரங்கில் 'ஜோக்கர்' என்னும் பெயருடன் பார்வையாளருக்கும் நடிகருக்கும் இடையே இயங்குபவரின் பணியும் இதனையொத்ததே.

6. குழுவினுள் ஏற்றத்தாழ்வு

கூட்டுழைப்பு என்னும் சொல் சமத்துவத்தைக் குறிப்பதாகத் தோன்றினாலும் குழு தானாகச் சமமாக இருப்பதில்லை. பள்ளி மேடைகளில் பழகியவர் முதலில் பேசுவார். செந்தமிழ் உச்சரிப்பு உடையவருக்கு அரசன் வேடமும் சென்னைப் பேச்சுவழக்கு உடையவருக்கு நகைச்சுவை வேடமும் இயல்பாகவே சென்று சேரும். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசுபவர் வசனமற்ற வேடத்தை ஏற்பார். நிறத்தையும் உருவத்தையும் கொண்டு ஏவலாளரும் தலைவியும் முடிவாவர். பெண்கள் பாத்திரங்களாகத் தோன்றுவர். காட்சியை முடிவுசெய்பவர்களாக இருப்பது அரிது. இவை எவரும் திட்டமிட்டுச் செய்பவை அல்ல. சமூகத்தில் உள்ள வரிசையைக் குழு அப்படியே வகுப்பறைக்குள் கொண்டுவருகிறது.

தமிழ்ப் பெண்ணிய அரங்கு இதனைக் கூர்மையாக எதிர்கொண்டுள்ளது. பெண்சிசுக்கொலையை மையமாகக் கொண்ட 'பச்ச மண்ணு' உள்ளிட்ட அ. மங்கையின் அரங்கப் பணிகள், யாருடைய அனுபவம் நாடகமாகிறது, அதை யார் சொல்கிறார் என்னும் வினாக்களை முன்னிறுத்தின. மாணவர் வகுப்பும் அவ்வினாக்களைக் கேட்டாக வேண்டும்.

இதற்கும் விதியே தீர்வு. வேடங்கள் முடிவாகுமுன் ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு வேடங்களை நடித்துப் பார்த்தல். சிற்பியின் பொறுப்பு வரிசைப்படி அனைவருக்கும் வருதல். ஒருவர் தம் கருத்தைச் சொல்லுமுன் முந்தையவர் கருத்தைத் திரும்பக் கூறுதல் ஆகியன எளிய, ஆனால் அடுக்கைக் குலைக்கும் விதிகள். தொடக்கத்தில் இவை செயற்கையாகத் தோன்றும். எனினும், இயல்பாக விட்டால் நிகழ்வது மேலே கூறப்பட்ட அடுக்குதான் என்பதை மனங்கொள்ள வேண்டும். அதேவேளை, மாணவர் பகிரும் சொந்தத் துயரை மேடைக்குக் கொண்டுவருவதா என்பதை அம்மாணவரே முடிவுசெய்தல் வேண்டும். வகுப்பறை மருத்துவ அறையன்று.

7. மதிப்பீடு

பருவத்தேர்வு முறையில் இயங்கும் கல்லூரியில் மதிப்பெண் இல்லாத பணி நிலைக்காது. நாடகத்தின் இறுதி அளிக்கையை மட்டும் மதிப்பிட்டால் தலைமை வேடத்தவர் பயனடைவர். குழுவிற்கு ஒரே மதிப்பெண் வழங்கினால் உழையாதவரும் பயனடைவர். மாணவர் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையிலும் நட்புவட்டமும் சாதிவட்டமும் குறுக்கிடக் கூடும்.

ஒவ்வொரு மாணவரும் பேணும் ஒத்திகைக் குறிப்பேடு இச்சிக்கலை ஓரளவு தீர்க்கும். அன்றைய பயிற்சி எது, தம் குழு எடுத்த முடிவு யாது, அம்முடிவு யாருடைய கருத்திலிருந்து பிறந்தது, கைவிடப்பட்ட கருத்து எது என்னும் நான்கு செய்திகளை அதில் எழுதினால் போதும். ஐவரின் குறிப்பேடுகளையும் ஒப்பிடும் ஆசிரியருக்கு, மேடையில் தெரியாத பங்களிப்புத் தெரியவரும். பிறர் கருத்தைத் தம் குறிப்பேட்டில் நேர்மையாகப் பதிவுசெய்திருத்தலையும் மதிப்பெண்ணுக்கு உரியதாக்கலாம். கேட்டல் ஒரு திறன் என்பதை மாணவர் ஏற்கும் இடம் அதுவாகும். அளிக்கை, குறிப்பேடு, எழுத்துவடிவம் ஆகிய மூன்றையும் இணைத்த மதிப்பீடே இவ்வகுப்பின் நோக்கத்திற்கு இயைந்தது.

முடிவுரை

- தமிழ் அரங்கின் குழுக்கள் பனுவல், பாட்டு, வேடம் ஆகிய பொது விதிகளால் இணைக்கப்பட்டிருந்தன. பட்டறை அவ்விடத்தில் 'பணி' என்னும் விதியைக் கொண்டுவந்தது.
- படைப்பாக்கப் பயிற்சி என்பது குழுவிற்குத் தற்காலிக விதியை வழங்கும் அமைப்பு. ஒரு பயிற்சியின் விளைவு அடுத்ததற்கு மூலப்பொருளாகும்போதே அது நாடகமாக வளர்கிறது.
- பயிற்சியும் எழுத்தும் பகைமை உடையன அல்ல என்பதற்கு யாழ்ப்பாண நாடகக் கல்வி சான்றாகிறது. பாடவேளையில் இடம்பெற்றாலன்றிப் பயிற்சி நிலைக்காது என்பதும் அதன் பாடம்.
- கட்டியங்காரனின் இயக்கம், வகுப்பறையில் ஆசிரியரின் இடத்தை வரையறுக்க உதவும் தமிழ் முன்மாதிரியாகும்.
- ஏற்றத்தாழ்வைக் குலைக்கும் விதிகளும் செயல்முறையை அளக்கும் மதிப்பீடும் இன்றி நடைபெறும் குழுப்பணி, சமூக அடுக்கை மீண்டும் நடித்துக் காட்டுவதாகவே முடியும்.

ஆண்டு விழா மேடையில் பின்னணியில் நிற்கும் மாணவருக்கும் சொல்வதற்கு ஒரு நினைவு உண்டு. அதைக் கேட்டு வாங்கும் பின்பாட்டாகக் குழுவை மாற்றுவது நாடக வகுப்பால் இயலும்; அதற்கென ஒரு பாடவேளையை ஒதுக்குவது பாடத்திட்டக் குழுக்களின் பொறுப்பாகும்.